கற்பிட்டிக் கரையும் காண்ட்டின் விருந்துரிமையும்

1795ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இரண்டு காரியங்கள் நடந்தன. பால்டிக் கடலோரத் துறைமுகமான கோனிக்ஸ்பேர்க்கில் 71 வயதுப் பேராசிரியர் ஒருவர் எழுதிய சிறு நூல் கடைக்கு வந்தது. புத்தளம் களப்பின் வாயிலில் நிற்கும் கற்பிட்டிக் கோட்டை ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இதை அவர் அறியார், அவரை இந்தக் கரை அறியாது. ஆனாலும் இம்மானுவேல் காண்ட்டின் அந்த ‘நிலையான சமாதானம்’ நூலைக் கற்பிட்டியில் இருந்து படிப்பவர் அதன் மூன்றாவது உறுப்புரையில் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். ஐரோப்பிய வணிக நாடுகளை அங்கே காண்ட் கடுமையாகச் சாடுகிறார். பிறர் நாட்டுக்குப் போய்வருவதென்றால் இவர்களுக்கு அதைப் பிடித்துக்கொள்வதென்றே பொருள் என்கிறார். அவர் அடுக்கும் இடங்களில் நன்னம்பிக்கை முனையும் வாசனைத் திரவியத் தீவுகளும் உண்டு. இரண்டும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பிடியில் இருந்தவை. 1667இல் தொடங்கிக் கற்பிட்டியில் கோட்டை கட்டியதும், கண்டி அரசுக்குப் புத்தளம் வழியாக நடந்த வணிகத்தின் கழுத்தைப் பிடித்ததும் அதே கம்பனிதான்.

அந்த உறுப்புரை கேட்பது வெகு குறைவு. அந்நியன் ஒருவன் உன் கரையில் இறங்கினால் அவனைப் பகைவனாக நடத்தாதே. வேண்டுமானால் திருப்பி அனுப்பு. ஆனால் அனுப்பினால் அவன் அழிந்துபோவான் என்றால் அனுப்பாதே. வீட்டில் வைத்துச் சோறு போடு என்று காண்ட் சொல்லவில்லை, அதற்குத் தனி உடன்படிக்கை வேண்டும் என்கிறார். அவர் தருவது வந்துபோகிறவனின் உரிமை மட்டும். காரணம் புவியியல் சார்ந்தது: பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, எங்கேயாவது ஓரிடத்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், ஆதியில் எந்த நிலத்தின் மீதும் எவருக்கும் மற்றவரைவிடக் கூடுதல் உரித்து இருந்ததில்லை. தன் ஊர்ப்பக்கத்தை விட்டு அதிக தூரம் போகாமலே நாற்பது ஆண்டளவு பௌதிகப் புவியியல் படிப்பித்தவர் அவர். உருண்டை என்ற சொல்லை அலங்காரத்துக்குப் போடவில்லை. பேச்சைத் தொடங்கும்போதே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறார்: இங்கே தயவைப் பற்றிப் பேச வரவில்லை, உரிமையைப் பற்றிப் பேசுகிறேன்.

தயவா உரிமையா என்ற இந்தக் கேள்வி புத்தளம் கரைக்கு 1990 ஒக்டோபர் கடைசியில் வள்ளம் ஏறி வந்தது. வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும், ஏறத்தாழ 75,000 பேரை, விடுதலைப் புலிகள் இரண்டு வாரங்களுக்குள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து மைதானத்தில் மக்களைக் கூட்டி, இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பெருந்தொகையானோர் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். தரைவழியே வந்தவர்களிலும் பெரும்பாலானோர் கடைசியில் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினார்கள். பாலாவி, தில்லையடி, ஆலங்குடா, நுரைச்சோலை என்று தென்னந்தோட்டங்களுக்குள்ளும் உப்பளத்து ஓரங்களிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன.

ஐரோப்பிய அறிவொளிக் காலம் நூறாண்டு விவாதித்த விடயத்தை இந்தச் சம்பவத்தை வைத்துக்கொண்டே ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம். விவாதத்தின் கரு இதுதான்: அறம் நம்மைக் கட்டுவது எதனால்? இரக்கத்தாலா, பயனாலா, அறிவு தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் சட்டத்தாலா?

இரக்கத்தின் பக்கம் நின்றவர்களில் பெரியவர் டேவிட் ஹியூம். 1739–40இல் வெளிவந்த தன் முதல் நூலிலேயே, அறிவு உணர்ச்சிகளுக்கு அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்று எழுதிவிட்டார். நம்மூர்க் கணக்கில் சொன்னால், மன்னாருக்கு எந்த வழி கிட்ட என்று அறிவு சொல்லும். மன்னாருக்குப் போகத்தான் வேண்டுமா என்று அது சொல்லாது. அவருடைய நண்பர் அடம் ஸ்மித் 1759இல் முதலில் வெளிவந்த நூலில் இதை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தார். சீனதேசம் முழுவதும் நிலநடுக்கத்தில் விழுங்கப்பட்டது என்று கேள்விப்படும் ஐரோப்பியன் ஒருவன் உண்மையாகவே வருத்தப்படுவான், தத்துவம் பேசுவான், பிறகு நிம்மதியாகத் தூங்குவான். நாளைக்குத் தன் சுண்டுவிரல் போகப்போகிறது என்றால் அவனுக்குத் தூக்கம் வராது. இரக்கம் தூரத்தோடு தேயும் பொருள் என்று காட்டிவிட்டு ஸ்மித் அங்கே நிற்கவில்லை. தன் விரலைக் காக்கச் சீனர்களைப் பலிகொடுக்க அதே மனிதன் ஏன் துணிய மாட்டான் என்று கேட்கிறார். அவனைத் தடுப்பது கருணை இல்லை, நெஞ்சுக்குள் இருக்கும் நீதிபதி என்பது அவர் பதில். உணர்ச்சியின் பக்கம் தொடங்கியவர் பாதி வழியில் காண்ட்டின் வாசலுக்கு வந்து நிற்பதை இந்த இடத்தில் பார்க்கலாம்.

மறுகரையில் ரூசோ. தனக்குத் தானே விதித்த சட்டத்துக்குக் கீழ்ப்படிவதுதான் சுதந்திரம் என்ற எண்ணத்தை 1762இல் ‘சமூக ஒப்பந்தம்’ வைத்தது. காண்ட்டின் வெறுஞ்சுவர் வீட்டில் தொங்கிய ஒரே படம் ரூசோவினுடையது என்பார்கள். சாதாரண மனிதனை மதிக்கத் தனக்குக் கற்பித்தவர் ரூசோதான் என்று காண்ட்டே குறித்து வைத்திருக்கிறார்.

1785இல் வந்த ‘ஒழுக்க மெய்யியலின் அடித்தளம்’, 1788இல் வந்த ‘நடைமுறைப் பகுத்தறிவு பற்றிய விமர்சனம்’ என்ற இரண்டு நூல்களிலும் காண்ட் செய்தது, ரூசோ அரசுக்குச் சொன்னதை மனிதனின் உள்ளத்துக்குக் கொண்டுபோனதுதான். ஆசைப்பட்டதைச் செய்வது சுதந்திரமாகாது. ஆசையின் ஏவலுக்கு ஓடுகிறவன் சுதந்திரன் அல்லன். எல்லோருக்கும் பொதுச் சட்டமாகக்கூடிய விதியைத் தானே வகுத்து அதன்படி நடக்கும் மனமே சுதந்திரமானது. இதிலிருந்துதான் அவருடைய நிபந்தனையற்ற கட்டளை வருகிறது: நீ நடக்கும் விதி எல்லோருக்கும் சட்டமாவதை நீயே விரும்ப முடியுமா என்று பார். இன்னொரு வடிவத்தில், மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தாதே. பொருள்களுக்கு விலை உண்டு, அதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மனிதனுக்கு இருப்பது மாண்பு, அதற்கு ஈடு கிடையாது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். காண்ட்டின் சுதந்திரத்துக்குத் தமிழில் நான் தேடிய சொற்களில் மிகப் பொருத்தமானது சுயநிர்ணயம். மனம் தன்னைத் தானே நிர்ணயித்துக்கொள்வது. ஈழத்தமிழ் அரசியலில் 1985 திம்புப் பேச்சுகளுக்கும் முன்பிருந்தே நம் வாயில் புழங்கித் தேய்ந்த அதே சொல். நாம் அதைச் செல்லாத காசாகத் தேய்த்தோம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதன் பாதியை மட்டும்தான் எடுத்துக்கொண்டோம். பிறர் நம்மை ஆளக்கூடாது என்ற பாதி நமக்குத் தெரியும். நாம் வகுக்கும் விதி நம்மையும் கட்ட வேண்டும் என்ற பாதியைக் கோனிக்ஸ்பேர்க்கிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

அந்த மறுபாதியை 1990இன் கட்டளைமேல் வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு கிழக்கு எரிந்துகொண்டிருந்தது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் ஆகஸ்ட் 3ஆம் திகதி தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். தமிழ்க் கிராமங்களும் தாக்கப்பட்டன. வடக்கில் சொல்லப்பட்ட நியாயம் பாதுகாப்பு: சிலர் காட்டிக்கொடுக்கக்கூடும், ஆகவே எல்லோரும் போக வேண்டும். இந்த விதியைப் பொதுச் சட்டமாக்கினால் என்ன ஆகும் என்று கற்பனை செய்துபார்க்கும் சிரமம் தமிழருக்கு இருக்கவில்லை. அது தம்மீதே பாய்ந்ததை ஏழு ஆண்டுக்கு முன்புதான் கண்டிருந்தார்கள். 1983 யூலைக்குப் பிறகு கொழும்பு முகாம்களிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தவர்கள் அதே தெருக்களில் இருந்தார்கள். பின்னாளிலும் அந்த விதி திரும்பி வந்தது. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் சில நூறு பேரைப் பாதுகாப்பு என்ற அதே காரணத்தைச் சொல்லி பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 1990இல் வடக்கில் அப்படியொரு நீதிமன்றம் இல்லை.

மேலிடத்து உத்தரவு என்ற சொல்லும் இந்தக் கதையில் வருகிறது. கடமையைப் பேசிய காண்ட்டையே உத்தரவுக்குக் கீழ்ப்படிவதன் தத்துவவாதியாக ஆக்கிவிடும் பழக்கம் உலகத்தில் உண்டு. ஹன்னா அரென்ட் 1963இல் எழுதிய நூலில், யூதப் படுகொலைக்கு ரயில் ஏற்பாடு செய்த ஐக்மன் தான் காண்ட்டின் வழி நடந்ததாக நீதிமன்றத்தில் சொன்னதைப் பதிவுசெய்கிறார். அரென்ட்டுக்கு அது அபத்தம். கீழ்ப்படிய வேண்டிய சட்டத்தைத் தன் அறிவைக்கொண்டு தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் காண்ட்டின் உயிர்நிலை. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது சிப்பாயின் சலூட் மட்டும்.

உத்தரவு போட்டவர்களை விட்டுவிடுவோம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள்? எனக்கு இந்தக் கேள்வியின் மிகக் கனமான பகுதி இதுதான். ‘நாங்கள் என்ன செய்திருக்க முடியும்’ என்ற பதிலை யாழ்ப்பாணத்தவர் எவரிடமும் கேட்கலாம். காண்ட் தன் 1788ஆம் ஆண்டு நூலில் இதற்கென்றே எழுதியதுபோல ஓர் உதாரணம் தருகிறார். அரசன் ஒருவன், நேர்மையான ஒரு மனிதனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல், இல்லையென்றால் தூக்குமரம் என்கிறான். அந்த ஆள் மறுப்பானா என்று அவனாலேயே உறுதிசொல்ல முடியாது. ஆனால் மறுக்க முடியும் என்பதை அவன் தயங்காமல் ஒப்புக்கொள்வான். மறுக்க வேண்டும் என்று தெரிந்ததாலேயே முடியும் என்று தெரிகிறது. அந்தத் தெரிதலில்தான் தன் சுதந்திரத்தை மனிதன் முதன்முதலாகக் காண்கிறான்.

யாழ்ப்பாணத்தில் தூக்குமரம் கற்பனை இல்லை. ‘முறிந்த பனை’யை எழுதியவர்களில் ஒருவரான மருத்துவப் பேராசிரியை ரஜனி திராணகம, வெளியேற்றத்துக்கு ஓராண்டுக்கு முன், 1989 செப்டம்பர் 21ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மன்னாரில் தமிழர் சிலர் அயலவருக்காகப் புலிகளிடம் மன்றாடியதாக வெளியேற்றப்பட்டவர்களின் சாட்சியங்களில் வருகிறது. முடியும் என்பதற்கு அது போதும். பெரும்பாலானோர் பேசவில்லை. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அவசரம் எனக்கு இல்லை. காண்ட்டும் பேசாமல் இருந்தவர்தான். சமயம் பற்றிய அவருடைய நூலைக் கண்டித்து 1794 ஒக்டோபரில் பிரஷ்ய அரசன் கடிதம் அனுப்பியபோது, இனி அந்த விடயத்தில் வாய் திறக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்தார். சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும், ஆனால் உண்மை எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்ற கடமை இல்லை என்று தனக்குத் தானே குறித்துவைத்துக்கொண்டார். இந்தச் சமாதானம் நம்மூரிலும் நன்றாகச் செல்லுபடியாகும். ஆனால் காண்ட் அடக்கிக்கொண்டது தன் சொந்தக் கருத்தை. பக்கத்து வீட்டுக்காரன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதை ஜன்னலால் பார்த்தபடி இருப்பது வேறு. துப்பாக்கி போன பிறகும், பொருள்களும் காணிகளும் கைமாறிய பிறகும், தொடர்ந்த மௌனம் அதைவிட வேறு. அதற்குத் தூக்குமரத்தைக் காட்ட முடியாது.

இனிக் கரையின் பக்கம். வந்தவர்களைக் கற்பிட்டியும் புத்தளமும் எப்படி ஏற்றன என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்தன. வீடுகளில் உலை இரட்டிப்பானது. சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்ணும் வழக்கமுள்ள ஊர்களில், தட்டைச் சுற்றி இன்னும் இருவருக்கு இடம்விடுவது பெரிய காரியமாகத் தோன்றியிராது. சமயம் கையில் ஒரு முன்மாதிரியையும் கொடுத்திருந்தது: மக்காவிலிருந்து 622இல் வெளியேறிய முஹாஜிர்களை ஏற்ற மதீனாவின் அன்சாரிகள். வள்ளுவரிலும் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரமாக இல்லறவியலில் வருகிறது. காண்ட்டைப் படித்துவிட்டு வள்ளுவரிடம் போனால் கண்ணில் படுவது இதுதான்: ஒரே காரியத்தை ஒருவர் அடுக்களையில் வைத்தார், மற்றவர் நாடுகளுக்கிடையிலான சட்டத்தில் வைத்தார். (காமெரர் என்ற தரங்கம்பாடிப் பாதிரியாரின் குறள் மொழிபெயர்ப்பு ஜெர்மனில் வெளிவந்தது 1803இல். காண்ட் மறுவருடம் இறந்தார். படித்திருக்க வாய்ப்பில்லை, ஆசைப்பட மட்டும் செய்யலாம்.)

அடுக்களை அறத்தின் அழகு அதன் வேகம். சட்டம் வந்து சேர மாதங்கள் எடுக்கும், கஞ்சி அன்றே வரும். அதன் குறை, அது களைத்துப்போகும் என்பது. வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் அதே கூலிக்கு இரண்டு மடங்கு ஆட்கள் நின்றார்கள்; கூலி இறங்கியது. பாடசாலையில் வகுப்புகள் நெருக்கியடித்தன. மணல்மேட்டுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் அளவோடு ஊறும் ஊர்களில் வாளிகளின் வரிசை நீண்டது. உதவி நிறுவனங்களின் லொறி அகதி முகாமுக்குப் போகும்போது, பக்கத்திலேயே அதே வறுமையில் இருந்த ஊர்க்குடும்பம் வாசலில் நின்று பார்த்தது. ‘ஊரார்’, ‘அகதி’ என்ற இரண்டு சொற்களும் முறைப்பாகப் பேசப்படத் தொடங்கின. ஒரே மதம், ஒரே மொழி, சில இடங்களில் சம்பந்தமும் கூட. ஹியூமின் உணர்ச்சிக்கு இவ்வளவு சாதகமான நிலம் வேறெங்கும் கிடைக்காது. அங்கேயே அது மூன்று நான்கு ஆண்டுகளில் மூச்சுவாங்கியது என்றால், ஊராரைக் குறைசொல்ல அதில் ஒன்றுமில்லை. அவர்களால் தூக்க முடியாத ஒன்றை அவர்கள் தலையில் வைத்ததுதான் கோளாறு.

வாங்கும் கைக்கும் ஒரு பக்கம் உண்டு. 1797இல் வந்த ‘ஒழுக்கங்களின் மீபொருண்மை’யில் காண்ட் இதைத் தொடுகிறார், அதிகம் பேசப்படாத பகுதி அது. உதவி வாங்குகிறவன் தாழ்கிறான், ஆகவே கொடுப்பவன் அதைத் தன் கடனாகவோ சின்ன விடயமாகவோ காட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார். பிறகு திடீரென ஒரு குத்து: கொடுக்குமளவுக்குச் சிலரிடம் பொருள் சேர்ந்திருப்பதே பெரும்பாலும் அரசின் அநீதியால்தான், அப்படியிருக்க அதைத் தருமம் என்று சொல்லலாமா? ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா என்று வகுக்கப்பட்ட உலருணவு நிவாரணம், அரிசி விலை பல மடங்கு ஏறிய பின்னும் நெடுங்காலம் அதே தொகையாகவே இருந்தது. அதற்காக அட்டையை நீட்டி வரிசையில் நின்றவர்களில் மன்னாரில் வள்ளமும் வயலும், யாழ்ப்பாணத்தில் கடையும் வைத்திருந்தவர்கள் உண்டு.

காண்ட்டுக்கு எதிரான வழக்குகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். நண்பனுக்கு ஆசையோடு உதவினால் அது அறமாகாதோ என்று ஷில்லர் கிண்டல் செய்தார். கற்பிட்டியில் உலை வைத்த பெண்கள் இதைக் கேட்டால் அவர்களும் சிரித்திருப்பார்கள். காண்ட்டின் விதி வெறும் கூடு, அதற்குள் எதையும் நிரப்பலாம் என்றார் ஹெகல் 1821இல். இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வது கடினம்தான். ஆனால் மேலே பார்த்த வெளியேற்ற விதியைக் கூடு தெளிவாகவே துப்பிவிட்டது. இவற்றைவிடப் பாரமானது மூன்றாவது. மாண்பைப் பற்றி எழுதிய அதே கை 1775இலும் 1785இலும் மனித இனங்களை வகைபிரித்தும் எழுதியது. ஐரோப்பியர் அல்லாதவரைத் தாழ்த்திய இடங்கள் அவரிடம் ஏராளம். 1790களில் அவர் மனம் மாறினார், விருந்துரிமை பற்றிய பகுதியே அதற்குச் சாட்சி என்று காண்ட் ஆய்வாளர் போலின் கிளைன்கெல்ட் வாதிடுகிறார். மாறவே இல்லை என்பவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சி கொஞ்சம் தாராளமாகவே தோன்றுகிறது. எப்படியானாலும் சட்டத்தை வகுத்தவன் அதை மீறினான் என்பது சட்டத்தின் குற்றமாகாது.

இலங்கைக்கு வந்த அறிவொளி இந்த அறிவொளி அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. காண்ட் வரவில்லை, பயனின் பக்கம் நின்ற பெந்தம்தான் கப்பலேறி வந்தார். 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழிக்கச் செய்த கோல்புரூக்–கமரன் ஆணைக்குழுவின் சார்ள்ஸ் கமரன், பெந்தமின் சீடர். அடிமைமுறையைச் சட்டம் முற்றாக ஒழித்தது 1844இல். கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1834இல் இலங்கைக்கு ஓர் இடவிளக்க அகராதியும் 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’கும் ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி அந்தக் காற்றில் வளர்ந்தவர்தான். இடையில் சட்டநிரூபண சபையிலும் இருந்தார். ஊர், சாதி, விளைச்சல், குளம் என்று எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கிய அறிவு அது. எண்ணுவதற்கும் நிர்வகிப்பதற்கும் தோதானது. 1990க்குப் பிறகு நிவாரண அட்டை, முகாம் எண், பதிவுப் புத்தகம் என்று புத்தளத்தில் ஓடியதும் அதே அறிவுதான். எத்தனை பேர் என்று அது நன்றாகக் கேட்கும். யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்று அதற்குக் கேட்கத் தெரியாது.

அந்தக் கடன் யாருடையது என்பதில்தான் என் கட்சி இருக்கிறது. காண்ட்டின் விருந்துரிமை அந்நியனுக்கானது, எல்லை தாண்டி வருகிறவனுக்கானது. கற்பிட்டியில் இறங்கியவர்கள் எந்த எல்லையையும் தாண்டவில்லை. அதே நாட்டின் பிரசைகள், அதே கடலின் இன்னொரு கரையிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் அகதி என்று அழைத்தாலும், 1951 அகதிகள் உடன்படிக்கை அவர்களைத் தொடாது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்கென்று ஐ.நா. வழிகாட்டல் கோட்பாடுகள் வந்தது 1998இல்தான்; அவையும் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. விருந்தாளி என்ற சொல் அவர்களுக்கு மரியாதை செய்ததுபோலத் தோன்றினாலும் ஒன்றை மறைத்தது. விருந்தாளி தன் விருப்பத்தில் வருவான், நாள் பார்த்துத் திரும்புவான். இவர்கள் விரட்டப்பட்டவர்கள், அவர்களுக்குத் தேவைப்பட்டது விருந்து அல்ல, வீடு. துரத்தியவர்களும், வாய்மூடி இருந்தவர்களும், பிரசைகளைக் காக்கத் தவறிய அரசும் சேர்ந்து பட்ட கடனைப் புத்தளம் தன் கிணற்றுத் தண்ணீரால் அடைத்தது. அதை விருந்தோம்பல் என்று நாம் புகழும்போதெல்லாம் கடன்காரர்கள் மூவரும் ஆறுதலாக மூச்சுவிடுகிறார்கள்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் சார்பில் அன்டன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்துப் பேசினார். பேராதனையின் புவியியற் பேராசிரியர் ஹஸ்புல்லாஹ் 2018இல் இறக்கும்வரை திரும்பும் உரிமையைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். கத்ரின் பிரூனும் சரிக்கா திராணகமவும் புத்தளத்தில் தங்கி ஆய்வு செய்து நூல்கள் எழுதினார்கள். சரிக்கா, ரஜனியின் மகள். பிரஜைகள் ஆணைக்குழு ஒன்று சாட்சியங்களைத் தொகுத்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. உலக வங்கி 2007இல் 32 மில்லியன் டொலர் வீட்டுத் திட்டத்தோடு வந்தது. கிடுகு போய்க் கல்வீடுகள் வந்தன. போர் முடிந்த பின் ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். சிலர் காணியைக் காடு மூடியிருந்தது. வில்பத்துப் பக்கத்தில் அந்தக் காடே வழக்காகி 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. இன்னும் பலர் இரண்டு இடத்திலும் அரைவாசியாக இருக்கிறார்கள்: பிள்ளைகளின் பள்ளிக்கூடம் புத்தளத்தில், வாக்காளர் இடாப்பு மன்னாரில்.

2019 நவம்பர் 16ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலன்று விடிவதற்கு முன், மன்னாரில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து பஸ்கள் வரிசையாகப் புறப்பட்டன. தந்திரிமலைப் பக்கத்தில் வீதியில் டயர் எரித்து மறித்து, கல்லெறிந்து, துப்பாக்கியாலும் சுட்டார்கள். எவரும் சாகவில்லை. பஸ்கள் பொலிஸ் காவலோடு தொடர்ந்து மன்னாருக்குப் போயின. தன் நாட்டில், தன் ஊர் இடாப்பில் பெயர் உள்ளவர் வாக்களிக்க மாவட்டம் தாண்டிப் பயணம் போய், மாலையில் பஸ்ஸேறித் திரும்ப வேண்டும். காண்ட் 1795இல் அந்நியனுக்குக் கேட்ட அளவு: வந்துபோகிறவனின் உரிமை. அன்று அந்த பஸ்களில் இருந்த இளம் வாக்காளர்களில் பலர் 1990இல் பிறந்திருக்கவே இல்லை.